டெல்டா வீட்டில் பாண்டா செடி: வாங்குவது முதல் கன்று எடுப்பது வரை

கும்பகோணம், தஞ்சாவூர், மயிலாடுதுறைப் பக்கம் நர்சரிக்குள் நுழைந்தால் இப்போது சக்குலன்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகளுக்கென்று ஒரு மேசை போட்டிருக்கிறார்கள். அதில் வருகிறவர்கள் எல்லோரும் தொட்டுப் பார்க்கிற செடி ஒன்று உண்டு. தடித்த சாம்பல் பச்சை இலை, மேலெல்லாம் பூனைமயிர், விளிம்பில் மட்டும் காப்பி நிறத்தில் புள்ளிகள். பாண்டா செடி என்பார்கள். தாவரவியலில் கலாஞ்சோ டொமென்டோசா. லண்டன் கியூ தாவரவியல் தோட்டத்தில் இருந்த ஜான் கில்பர்ட் பேக்கர் 1882இல் வைத்த பெயர் அது.

இதன் சொந்த ஊர் மடகாஸ்கர். அங்கே தண்ணீர் தங்காத பாறைப் பாங்கான இடத்தில் வளர்ந்து பழகியது. தனக்கு வேண்டிய தண்ணீரை இலையிலேயே சேர்த்து வைத்துக்கொள்ளும். மேலே இருக்கிற முடி வெயிலைக் கொஞ்சம் தடுத்து, இலையின் ஈரம் காற்றோடு போய்விடாமல் காக்கிறது. அப்படிப்பட்ட செடியை வண்டல்மண்ணும் வாய்க்காலும் உள்ள ஊரில் வைக்கப் போகிறோம். வெயிலில் செத்த பாண்டா செடி நம் பக்கம் அபூர்வம், தண்ணீரில் செத்ததுதான் அதிகம். காவிரிப் பாசனத்தில் வளர்ந்த கை, இலை கொஞ்சம் வாடினாலும் சொம்பைத் தேடும். அந்தக் கையை அடக்கினால் பாதி வேலை முடிந்தது.

கற்பூரவல்லிக்கும் தடித்த, முடி வைத்த இலைதானே, அதற்கு ஊற்றுகிற மாதிரி இதற்கும் ஊற்றலாமே என்று கேட்கிறவர்கள் உண்டு. கற்பூரவல்லி கிணற்றடியிலும் பிழைக்கும், குளியலறைத் தண்ணீர் ஓடுகிற கொல்லையிலும் பிழைக்கும். இது அந்த ரகம் இல்லை.

வாங்கும்போது

முதலில் அடித்தண்டைப் பாருங்கள். மண்ணை ஒட்டிய இடம் கறுத்தோ, அழுத்தினால் அமுங்கியோ இருந்தால், மேலே எவ்வளவு அழகாக இருந்தாலும் வைத்துவிட்டு வாருங்கள். அடுத்து இலைக் கக்கம், அதாவது இலை தண்டோடு சேருகிற இடுக்கு. அங்கே பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளையாக இருந்தால் மாவுப்பூச்சி. செடியும் வெள்ளை, பூச்சியும் வெள்ளை என்பதால் கடை நிழலில் கண்ணுக்குத் தெரியாது. வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். முடி சீராகப் படிந்திருக்கும், பூச்சி திட்டுத்திட்டாக இருக்கும். தொட்டியில் எறும்பு ஏறி இறங்குகிறதா என்றும் கவனியுங்கள். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்பு வரும்.

உயரமான செடியைவிட, குட்டையாக, இலை நெருக்கமாக இருப்பதை எடுங்கள். தூக்கும்போது தொட்டியைப் பிடியுங்கள், இலையை வேண்டாம். விரலில் தேய்ந்து உதிர்ந்த முடி அந்த இலையில் திரும்ப முளைக்காது, வழுக்கைத் தடம் கடைசிவரை நிற்கும்.

வாங்குவதற்கு நல்ல காலம் தை, மாசி. ஐப்பசியில் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கினால், கடையிலேயே நாள்கணக்கில் நனைந்த செடியைத்தான் வீட்டுக்குக் கொண்டுவருவீர்கள்.

மண்கலவை

இந்தச் செடி விஷயத்தில் நேரம் செலவழிக்க வேண்டியது இங்கேதான்.

நர்சரித் தொட்டியில் பெரும்பாலும் தென்னை நார்க்கழிவுதான் இருக்கும். ஈரமானால் நாள்கணக்கில் ஈரத்தைப் பிடித்து வைக்கும். ஒரேயடியாகக் காய்ந்துவிட்டாலோ தண்ணீரை ஏற்காமல் ஓரமாக வழிய விட்டுவிடும். இரண்டுமே இதற்கு ஆகாது. செடி வீட்டுக்கு வந்து ஒரு வாரம் இடம் பழகியபின் தொட்டி மாற்றிவிடுங்கள். வேரை ஒட்டியிருக்கும் நார்க்கழிவை விரலால் உதிர்த்து எடுங்கள். கழுவ வேண்டாம்.

நம் வயல் மண்ணை அப்படியே போடுவதும் தவறு. நெல்லுக்குத் தண்ணீரை நிறுத்தி வைப்பதுதான் அந்த மண்ணின் பெருமை. தொட்டிக்குள் அது இறுகிக் கட்டியாகி வேரை மூச்சுமுட்ட வைத்துவிடும்.

நான் சொல்கிற அளவு இது: தோட்டத்து மண்ணும் நன்றாக மக்கிய மண்புழு உரமும் கலந்து 1 பங்கு, பரும்மணல் 1 பங்கு, உடைத்த செங்கல் அல்லது ஓட்டுத்துண்டு 1 பங்கு, உமிக்கரி அரைப் பங்கு. எல்லாம் நம் ஊரிலேயே கிடைக்கிறவை. பழைய ஓட்டு வீடு இடிக்கிற இடத்தில் உடைந்த ஓடு சும்மாவே கிடைக்கும். கோணியில் போட்டுக் கட்டி, சுத்தியலால் தட்டி, நிலக்கடலைப் பருப்பு அளவுக்கு உடைத்துக்கொள்ளுங்கள். தூளைச் சலித்துக் கொட்டிவிட வேண்டும். தூள் இருந்தால் கலவையின் இடுக்கெல்லாம் அடைபடும்.

மணலுக்கும் அதே கதைதான். கட்டட வேலைக்கு வந்த ஆற்று மணலில் ஒரு சட்டி வாங்கிச் சலியுங்கள். சல்லடையில் தங்குவது நமக்கு, கீழே விழுவது கொத்தனாருக்கு. எம்-சாண்ட் என்றால் தண்ணீர் தெளியும்வரை கழுவிக் காயவைத்துப் போடலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கத்தவர்கள் கடற்கரை மணலை எடுக்காதீர்கள், உப்பு வேரைக் கருக்கும். உமிக்கரி என்று நான் சொல்வது கறுப்பாகக் கருகிய உமி. முழுக்க எரிந்து வெளுத்த சாம்பல் வேறு. அதில் காரத்தன்மை கூடுதல்.

கலவை சரியா என்று பார்க்க: லேசாக நனைத்து ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிடியுங்கள். கையைத் திறந்ததும் உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டையாக நின்றால் இன்னும் ஓட்டுத்துண்டு சேருங்கள்.

தொட்டி

சுடாத வர்ணம் பூசாத மண்தொட்டிக்கு ஈடு இல்லை என்று சிலர் எழுதுவார்கள். சுடாத தொட்டி கரைந்துவிடும், சுட்டது வேண்டும். வர்ணம் பூசாதது என்பது மட்டும் சரி. சுட்ட மண் தன் பக்கவாட்டிலும் ஈரத்தை வெளியே விடும். புழுங்குகிற நம் ஊருக்கு அது பெரிய உதவி. குயவரிடம் வாங்கும் சமையல் சட்டிக்கு அடியில் ஓட்டை இருக்காது. இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்துவிட்டு, மறுநாள் கவிழ்த்து வைத்து, ட்ரில்லால் அழுத்தாமல் மெதுவாகத் துளையிடுங்கள். சுண்டுவிரல் நுழைகிற அளவு இருக்க வேண்டும்.

வேர்ப்பந்தைவிடச் சுற்றிலும் ஒரு விரல் அகலம் இடம் இருந்தால் போதும். பெரிய தொட்டியில் வைத்தால் சீக்கிரம் வளரும் என்பது நடக்காது. வேர் எட்டாத மண் காயாமல் கிடந்து அழுகலைத்தான் கொடுக்கும். பித்தளை உருளியிலும் பழைய செம்பிலும் செடி வைத்து வரவேற்பறையை அலங்கரிக்கிற ஆசை உள்ளவர்கள், மண்தொட்டியை அதற்குள் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். தண்ணீர் ஊற்றும் நாளில் வெளியே எடுத்து ஊற்றி, சொட்டு நின்றபின் திரும்ப வையுங்கள்.

தொட்டி மாற்றியதும் தண்ணீர் ஊற்றாதீர்கள். நாலைந்து நாள் பொறுங்கள். மாற்றும்போது அறுந்த வேர்கள் அதற்குள் ஆறிவிடும்.

இடம்

கிழக்கு பார்த்த ஜன்னல் முதல் தரம். திண்ணை, தாழ்வாரம், முற்றத்தின் கூரை ஓரம் எல்லாம் நல்ல இடங்கள்தான், சாரல் அடிக்காமல் இருந்தால். காலை வெயில் மூன்று நாலு மணி நேரம் பட்டால் இலை நெருக்கமாக வரும், விளிம்புப் புள்ளியும் அடர்ந்து தெரியும். நடுக்கூடத்து டி.வி. மேசை இதற்கு இருட்டு. அங்கே வைத்தால் தண்டு நீண்டு, இலைக்கும் இலைக்கும் இடைவெளி விழுந்து, ஒருபக்கமாகச் சாயும். அப்படி நீண்ட தண்டு திரும்பக் குட்டையாகாது. வெட்டித்தான் சரிசெய்ய வேண்டும்.

மேற்கு வெயில் பங்குனி கடைசியிலிருந்து ஆகாது. அதுவரை நிழலில் இருந்த செடியைத் திடீரென்று மொட்டை மாடியில் வைத்தாலும் இலை வெந்துபோகும். வெயிலுக்குப் பழக்க இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். வெந்த தழும்பு இலையின் நடுவில் திட்டாக, காய்ந்து குழிந்து இருக்கும். விளிம்புப் புள்ளிகளோ இயல்பானவை. அதை நோய் என்று நினைத்து மருந்து தேட வேண்டாம்.

தண்ணீர்

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். நாள் கணக்கு சொன்னால் அது பொய்யாகிவிடும். திருச்சி பக்கத்து வறண்ட காற்றும் நாகூர்க் கடற்காற்றும் ஒன்றா? அதற்குப் பதில் விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்குச்சி உருவிக்கொள்ளுங்கள். தொட்டியின் ஓரமாக அடிவரை செருகி, ஐந்து நிமிடம் விட்டு, உருவிப் பாருங்கள். குச்சியில் மண் ஒட்டியிருந்தாலோ, நுனியைக் கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தாலோ, இன்றைக்குத் தண்ணீர் இல்லை. குச்சி போனபடியே காய்ந்து வந்தால் அடுத்து அடி இலையைப் பாருங்கள். இரண்டு விரலால் லேசாக அழுத்தினால் விறைப்பாக இருக்கிறதா? இன்னும் இரண்டு நாள் தள்ளிப் போடலாம். கொஞ்சம் தொய்ந்து, மெல்லிய சுருக்கம் விழுந்திருந்தால் அன்றைக்கு ஊற்றுங்கள்.

ஊற்றும்போது ஒரேயடியாக, அடித்துளையில் வெளிவரும்வரை ஊற்ற வேண்டும். நல்ல கலவை என்றால் பத்து எண்ணுவதற்குள் கீழே வந்துவிடும். தட்டில் தேங்கியதைக் கொட்டிவிடுங்கள். தினமும் ஒரு மூடி தெளிப்பது கெட்ட பழக்கம், மேல்மண் எப்போதும் ஈரமாக இருக்கும், அடிவேர் காய்ந்து கிடக்கும்.

இலையில் தண்ணீர் படக்கூடாது. வழுவழுப்பான இலையில் பட்டால் உருண்டு விழுந்துவிடும். இதில் முடிகளுக்கிடையே சொட்டு மாட்டிக்கொண்டு நிற்கும், காற்றோட்டம் இல்லாத நாளில் அந்த இடம் கறுத்து அழுகும். குழந்தைக்கு மருந்து புகட்டுகிற பாலாடை வீட்டில் சும்மா கிடந்தால் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மூக்கை இலைகளுக்குக் கீழே நுழைத்து மண்ணில் மட்டும் விடலாம். இதைவிட நல்ல கருவி கடையில் விற்கவில்லை. ஸ்பிரேயரை இந்தச் செடிப் பக்கமே கொண்டுவராதீர்கள்.

கடலோரத்தில் போர் தண்ணீர் உப்பாக இருந்தால் தொட்டியின் வெளிப்பக்கம் வெள்ளையாகப் பூக்கும். மழைத் தண்ணீரை நாலு கேனில் பிடித்து மூடி வைத்துக்கொள்ளுங்கள். இது குடிக்கிற அளவுக்கு அது பல மாதம் வரும்.

இன்னொரு விஷயம். கோடையில் நமக்குத் தாகம் எடுக்கிறதே, செடிக்கும் கூடுதலாக ஊற்றலாமா என்றால், கூடாது. காரணம் இதன் மூச்சில் இருக்கிறது. இந்தக் குடும்பத்துச் செடிகள் இலைத்துளைகளைப் பகலில் மூடி வைத்து இரவில் திறக்கும். அப்போது உள்ளே வாங்கிய கரியமில வாயுவை அமிலமாகச் சேர்த்துவைத்து, பகல் வெளிச்சத்தில் உணவாக்கிக்கொள்ளும். இதை முதலில் நாக்கால் கண்டவர்களில் ஒருவர் நம் டெல்டாவோடு தொடர்புள்ளவர். மொரேவியன் சபை மிஷனரியாகத் தரங்கம்பாடிக்கு வந்து, பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக வேலை பார்த்த பெஞ்சமின் ஹெய்ன். ரணகள்ளி இலை விடிகாலையில் புளிக்கிறது, நண்பகலில் சப்பென்று ஆகிறது, சாயங்காலம் லேசாகக் கசக்கிறது என்று அவர் எழுதிய கடிதம் 1815இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் இதழில் அச்சாகியிருக்கிறது. நம் வேலியோரம் முளைக்கும் ரணகள்ளி, பாண்டா செடிக்குப் பங்காளி, இரண்டும் கலாஞ்சோதான். (பாண்டா இலையைக் கடித்துப் பார்க்க வேண்டாம். காரணம் கடைசியில்.)

இரவு குளிர்ந்தால்தான் இந்த வேலை நன்றாக நடக்கும். சித்திரை, வைகாசியில் நள்ளிரவுக்கும் சுவர் சுடுகிறது. செடி சுருண்டு, வளர்ச்சியை நிறுத்தி, அரைத்தூக்கத்தில் இருக்கும். அப்போது ஊற்றுகிற தண்ணீரை அது எடுத்துக்கொள்ளாது. சூடான ஈரமண்ணில் வேர்தான் வேகும்.

மாதவாரியாக

தை முதல் பங்குனி பாதிவரை செடிக்கு நல்ல காலம். தொட்டி மாற்ற, வெட்டி நட, உரம் வைக்க எல்லாம் அப்போதுதான். உரம் என்றால் மேல்மண்ணில் ஒரு ஸ்பூன் மண்புழு உரம், வருடத்துக்கு ஒருமுறை. யூரியா தொடவே வேண்டாம். அரிசி கழுவிய தண்ணீர், டீத்தூள், முட்டை ஓடு என்று வீட்டு ரோஜாவுக்குப் போடுவதையும் இதற்குப் போடாதீர்கள். தொட்டியைச் சுற்றிக் குட்டிக் கொசு மாதிரிப் பூச்சி பறக்க ஆரம்பிக்கும், அவ்வளவுதான் பலன்.

சித்திரை, வைகாசி பற்றிச் சொல்லிவிட்டேன். ஆடியில் காற்றுக்குத் தொட்டி உருளும், ஜன்னல் விளிம்பிலிருந்து இறக்கி வையுங்கள். ஆடிப்பட்டம் தேடி விதைக்கிற பழக்கத்தில் இதையும் அப்போது வெட்டி நடாதீர்கள். ஆவணி, புரட்டாசியில் சாயங்கால இடிமழை சொல்லாமல் வரும். மாடியில் இருந்தால் புரட்டாசியிலேயே கீழே இறக்கிவிடுவது நல்லது.

ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையில் கனமழை. வடகிழக்குப் பருவமழைதான் நம் பகுதிக்குப் பெரிய மழை என்பதால் இந்த இரண்டு மாதம்தான் உண்மையான சோதனை. வீட்டுக்குள், இருப்பதில் வெளிச்சமான ஜன்னலுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டாமல் வையுங்கள். தட்டை எடுத்துவிட்டு இரண்டு செங்கல் துண்டின் மேல் தொட்டியை நிறுத்துங்கள், அடியில் காற்றோடும். இந்தக் காலத்தில் ஒரு மாதம் முழுக்கத் தண்ணீர் ஊற்றாமல் விட்டாலும் பரவாயில்லை. புழுக்கமான நாளில் மின்விசிறிக் காற்று படட்டும். புயல் எச்சரிக்கை வந்தால் ஜன்னலோரத்திலிருந்தும் எடுத்துவிடுங்கள். 2018 நவம்பரில் கஜா வந்தபோது காற்று எதை எதைத் தூக்கியது என்று வேதாரண்யத்துக்காரர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

மார்கழியில் மழை விட்டதே என்று உடனே வெளியே வைக்காதீர்கள். விடிகாலைப் பனி இலைமுடியெல்லாம் துளித்துளியாகக் கோத்து நிற்கும். கோலம் போடுகிற நேரத்துக்கு எழுந்து பார்த்தால் தெரியும், ஊற்றாமலே செடி நனைந்திருக்கும். கூரைக்கு அடியில் இருந்தால் பயமில்லை.

பூச்சி, தூசு, அழுகல்

தூசு படிந்தால் காய்ந்த மெல்லிய பெயின்ட் பிரஷ்ஷால் அடியிலிருந்து நுனிப் பக்கமாகத் தட்டிவிடுங்கள். ஈரத்துணி, எண்ணெய், பால் எதுவும் வேண்டாம்.

மாவுப்பூச்சிக்குக் காது குடையும் பஞ்சுக்குச்சியை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் நனைத்து, பூச்சி மேல் மட்டும் வையுங்கள். வெள்ளை மெழுகு கரைந்து பூச்சி பழுப்பாகும். நாலைந்து நாள் விட்டு மறுபடியும் பாருங்கள், முட்டை பொரித்துப் புதிதாக வந்திருக்கும். வேப்பெண்ணெய் நம் கைமருந்துதான், ஆனால் இந்தச் செடியில் அது முடியைச் சடையாக்கி ஒட்டவைத்துவிடும். வேறு வழியில்லை என்றால் ஒரு இலையில் முதலில் போட்டுப் பார்த்து, வெயில் படாத இடத்தில் வையுங்கள். இலையில் எதுவும் இல்லை, செடி மட்டும் சோர்ந்துகொண்டே போகிறது என்றால் தொட்டியிலிருந்து உருவிப் பாருங்கள். வேரில் வெள்ளை மாவு இருந்தால் மண் முழுவதையும் மாற்றித்தான் ஆக வேண்டும்.

அழுகலின் முதல் அடையாளம், அடி இலைகள் மஞ்சளித்துக் கண்ணாடி மாதிரி ஊடு தெரிந்து, தொட்டதும் விழுவது. தண்ணீர் இல்லாமல் உதிர்கிற இலையோ காய்ந்த சருகாக இருக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுகிற செடிக்கு மேலும் ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். தண்டு கறுத்துவிட்டால் வேரைக் காப்பாற்ற முயல வேண்டாம். கறுப்புக்கு மேலே, சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். வெட்டுவாயில் பழுப்பு வளையம் தெரிந்தால் இன்னும் மேலே. உள்ளே முழுக்கப் பச்சையாகத் தெரியும்வரை வெட்டிக்கொண்டே போங்கள், பிளேடை ஒவ்வொரு முறையும் ஸ்பிரிட்டில் துடைத்து. மிஞ்சிய தலையை நிழலில் ஐந்தாறு நாள் காயவிட்டு, காய்ந்த கலவையில் நிறுத்துங்கள்.

கன்று எடுப்பது

தண்டு நட்டால் சீக்கிரம் பிடிக்கும். ஆள்காட்டி விரல் நீளம் வெட்டி, அடி இலைகளைக் கழற்றி, வெட்டுவாய் காய்ந்தபின் நடுங்கள். ஒரு வாரம் கழித்துக் கொஞ்சம் தண்ணீர். வேர் பிடித்ததா என்று இழுத்து இழுத்துப் பார்க்காதீர்கள்.

இலையிலிருந்தும் வரும், பொறுமை வேண்டும். நல்ல கெட்டியான இலையைப் பக்கவாட்டில் மெதுவாக அசைத்து, அடிக்காம்போடு முழுசாகக் கழற்ற வேண்டும். பாதியில் ஒடிந்தால் பயனில்லை. ரணகள்ளி இலையைச் சுவரில் மாட்டினால்கூட விளிம்புப் பள்ளங்களில் வரிசையாகக் குட்டி போடுமே, அதை இதில் எதிர்பார்க்காதீர்கள். பாண்டாவுக்கு இலை கழன்ற அடிப்பகுதியிலிருந்துதான் வேரும் கன்றும் வரும். மூன்று நாள் காயவைத்து, கலவைமேல் படுக்க வைத்துவிடுங்கள், புதைக்க வேண்டாம். வேர் எட்டிப் பார்த்தபின் அந்த இடத்தில் மட்டும் வாரம் ஒருமுறை சொட்டு விடலாம். தாய் இலை சுருங்கிச் சருகாகும்வரை கன்றைப் பிரிக்காதீர்கள், அதுவரை அது அந்த இலையைத்தான் தின்கிறது.

ஆடு, மாடு, குழந்தை

கலாஞ்சோ இனத்தில் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சு உண்டு. இந்தக் குடும்பத்துச் செடிகளைத் தின்று ஆஸ்திரேலியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் கால்நடைகள் செத்திருக்கின்றன. நாய், பூனைக்கும் ஆகாது. தவழும் குழந்தைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். ரணகள்ளியைக் கல்லடைப்புக்குத் தின்கிறார்களே, இதுவும் அதே ஜாதிதானே என்று இலையைப் பறித்து மென்று பார்க்கக் கிளம்புகிறவர்கள் வீட்டில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

திண்ணையில் வைத்திருப்பவர்கள் ஆட்டைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும், கிரில் கேட்டைத் திறந்து போட்டிருந்தால் தெருவில் போகிற ஆடு இரண்டே வாயில் செடியை முடித்துவிடும். வெட்டிப் போட்ட தண்டையும் அழுகல் இலையையும் வாசல் குப்பையில் வீசாமல் கொல்லையில் குழிதோண்டி மண் மூடுங்கள். நன்றாக ஆழமாக, ஏனென்றால் ஈர மண்ணில் கிடக்கிற நல்ல துண்டு அங்கேயே வேர்விட்டுத் தலைகாட்டும்.